மேஸ்திரியும் ஒரு வாத்தியார்தான்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. எவ்வளவு அவசரமானாலும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

தொழில் கற்பதும் அப்படித்தான். ஆனால் நடப்பது என்ன?

திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை முதலிய ஊர்களில் விசைத்தறிகள் ஓடுகின்றன. அங்கே ஒரு கூடத்துக்கு 40 வயதுக்காரர் ஒருவர் புதிதாக வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை ஏர் உழுதவர்.

தறிகளின் இரைச்சலுக்கு நடுவே மேஸ்திரி மளமளவென்று ஏதோ சொல்கிறார். அறுந்த நூலை ஒரு நொடியில் முடிந்து காட்டுகிறார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

உண்மையில் புரியவில்லை! ஆனால் பத்துப் பேர் முன்னால், வயதில் பெரியவர் அதை எப்படிச் சொல்வார்?

மறுநாள் துணி கெடுகிறது. "உனக்கு மண்டையிலே ஏறாது" என்று ஏச்சு விழுகிறது. மனம் நொந்து அவர் நின்றுவிடுகிறார். ஒரு குடும்பத்தின் கூலி போயிற்று. குற்றம் யாருடையது?

முடிச்சு சொன்ன பாடம்

இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. பழகிய ஆட்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். தொழிற்சாலை வேலை தெரியாத ஆண்களும் பெண்களும் அவர்கள் இடத்துக்கு வந்தார்கள். இவர்களைப் பழக்க வேண்டுமே! அதற்காக 1940-ல் அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், வகுப்பு தொழிலாளிக்கு அல்ல, மேஸ்திரிக்கு!

ஒரு வகுப்புக்குச் சுமார் 10 பேர். இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து தடவை. அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் ஆசிரியர், மின்சாரக் கம்பியில் ஒரு முடிச்சுப் போடும் விதத்தை வாயால் மட்டும் சொல்வார். கேட்டவருக்குப் போட வராது. அடுத்தவருக்குப் பேசாமல் போட்டு மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. சொன்னால் மட்டும் போதாது, காட்டினால் மட்டும் போதாது என்று மேஸ்திரிகளுக்கு அப்போதே விளங்கிவிடும்.

அதன் பிறகுதான் சரியான முறை வரும். அதற்கு நான்கு படிகள்:

1. முதலில் பயத்தைப் போக்குங்கள். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்.

2. ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்தும் காட்டுங்கள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

3. அவரையே செய்யவிடுங்கள். செய்துகொண்டே, ஏன் என்று அவர் வாயால் சொல்லட்டும். தப்பினால் அப்போதே திருத்துங்கள்.

4. பிறகு தனியே விடுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லுங்கள். அடிக்கடி போய்ப் பாருங்கள்.

1945-க்குள் இந்தத் திட்டத்தின் பயிற்சிகளில் 16 லட்சம் பேருக்கு மேல் சான்றிதழ் பெற்றார்கள். யுத்தத்துக்குப் பின் இம்முறை ஜப்பானுக்கும் போயிற்று.

இரண்டு மொழி ஊர்

திருத்தணிக்கு மூன்றாவது படி மிக முக்கியம். ஆந்திராவில் இருந்த இந்த ஊர், 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இந்த எல்லைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. மேஸ்திரி தமிழில் சொல்வார். கேட்பவர் தெலுங்கில் நினைப்பார். தலையாட்டியதை நம்பலாமா? அவர் தம் மொழியிலேயே திருப்பிச் சொல்லட்டும். அதைப் புரிந்துகொள்ளும் தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

தொழிலாளியே தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1958-ல் நாகபுரியில் அமைந்த மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் அப்படித்தான் செய்தது. தொழிலாளர் சிலரை ஆசிரியராகப் பழக்கியது. அவர்கள் தங்கள் ஆலைக்குத் திரும்பிப் போய், உரிமை, கடமை, சங்கம் பற்றிச் சக தொழிலாளருக்கு வகுப்பு நடத்தினார்கள்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் திருத்தணி. அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடத்தில் இருப்பவர் மட்டும்தானா ஆசிரியர்? தறிக்கூடத்து மேஸ்திரியும் ஆசிரியர்தான்.

நாளை உங்கள் கூடத்துக்குப் புதியவர் ஒருவர் வரலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "எங்கே, நீங்க ஒரு தரம் செஞ்சு காட்டுங்க" என்று சொல்லுங்கள். துணியும் கெடாது, ஒரு குடும்பத்தின் பிழைப்பும் கெடாது!