தானியங்கிக் கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பூட்டுதல்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி, மூலக்குளம்

மோட்டார் கார் ஓட்ட இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேண்டும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். வலது காலுக்கு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். இடது காலுக்கு கிளட்ச். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடது கால் கிளட்சை மிதித்து, என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பைச் சற்று நேரம் துண்டிக்க வேண்டும். காலை வேளையில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரை நெரிசலில் கார் ஓட்டிச் செல்பவரைக் கேட்டால், இடது கால் படும் பாட்டைச் சொல்வார். அந்தக் காலின் வேலையை வாங்கி எண்ணெயிடம் ஒப்படைத்த கருவியே தானியங்கிக் கியர்ப் பெட்டி.

சிலருக்கு இது சொகுசு. எங்கள் பெரியப்பாவுக்கு அப்படியன்று. குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. (இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2014 மார்ச்சில் சான்றளித்தது. நம் வகுப்பில் யாருக்கும் அந்த நோய் வராததன் அருமை அவரைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.) வில்லியனூரில் அவர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்குத் தாமே ஓட்டிச் செல்ல உதவுவது ஒரு பழைய தானியங்கிக் கார். சென்ற ஆண்டு அதன் கியர்ப் பெட்டி பழுதாயிற்று. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது என்ஜின் மட்டும் உறுமும், வண்டி முன்னேறாது. நகரில் ஒரு பணிமனையில், “இதைப் பிரிக்க மாட்டோம், பெட்டியையே மாற்ற வேண்டும்” என்றார்கள். அதன் விலை, அந்தக் காரை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல். பெரியப்பா பேருந்தில் போகத் தொடங்கினார். பேருந்துப் படியின் உயரம் எவ்வளவு என்பதை எங்கள் குடும்பம் அப்போதுதான் கவனித்தது. டீசல் மெக்கானிக்கான என் தாய்மாமா, “நாமே பிரித்துப் பார்ப்போம்” என்று முன்வந்தார். தட்டுகளை அடுக்குவதும் நோட்டில் குறிப்பதும் என் வேலை.

பிரிப்பதற்கு முன் அது இயங்கும் விதத்தை அறிய வேண்டும். மேசை விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசிறி என்ஜினோடும் மற்றது கியர்ப் பெட்டியோடும் இணைந்திருக்கும். இடையில் உள்ள மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசையில் திருப்பிவிட்டு முறுக்கு விசையைப் பெருக்குகிறது. பரங்கிக்காய் போல் உப்பிய இந்த உறுப்பே டார்க் கன்வர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது காரை அன்று, கப்பலை! வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்கவே அவர் வழி தேடினார். கார்களில் முழுத் தானியங்கிப் பெட்டியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த அதன் பெயர் ஹைட்ராமேட்டிக்.

நம் நாட்டுப் பொறியாளர்களும் எண்ணெயின் வழியாக விசையைக் கடத்தும் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். மன் மோகன் சூரி என்பவர் டீசல் ரயில் என்ஜின்களுக்கென உருவாக்கிய அமைப்பு அவர் பெயராலேயே சூரி டிரான்ஸ்மிஷன் எனப்பட்டது. நம் வயல்களில் ஓடும் சுவராஜ் டிராக்டர், பின்னாளில் அவர் தலைமை வகித்த துர்காபூர் ஆய்வு நிலையத்தில் உருவானதே.

டார்க் கன்வர்ட்டரை அடுத்து இருப்பவை கோள் பற்சக்கரங்கள். நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றிச் சிறு கோள் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் ஒரு தாங்கி. வெளியே உட்புறம் பற்கள் கொண்ட ஒரு வளையம். சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 60 பற்கள் என்று கொள்வோம். வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுழற்றினால், சூரியன் 3 சுற்றுச் சுற்றும்போது தாங்கி 1 சுற்றுச் சுற்றும். இது ஏற்றத்துக்கு ஏற்ற கியர். தாங்கியைப் பிடித்துக்கொண்டால் வளையம் எதிர்த்திசையில் சுழலும், அதுவே ரிவர்ஸ். ஏதேனும் இரண்டைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சுழலும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதே கியர் மாற்றம். பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணக்கு நோட்டில் இரண்டு பக்கங்கள் போட்டுப் பார்த்தேன்.

பிடிக்கும் வேலையைச் செய்பவை கிளட்ச் தட்டுக் கட்டுகள். உராய்வுத் தட்டு ஒன்று, எஃகுத் தட்டு ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கி, பின்னால் ஒரு பிஸ்டனை வைத்திருப்பார்கள். பம்ப் அனுப்பும் எண்ணெய் அந்தப் பிஸ்டனைத் தள்ளும்போது தட்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். நாம் படித்த பாஸ்கல் விதி இங்கேதான் வேலை செய்கிறது. பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ என்று கொண்டால், தட்டுகளை அழுத்தும் விசை 800 கிலோ. ஒரு சிறிய காரின் எடைக்கு இது ஏறத்தாழச் சமம்! ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பல ஆண்டுச் சூட்டில் இறுகிவிட்டால் எண்ணெய் கசியும், அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். விலை மலிவான ஒரு ரப்பர் வளையம் கெட்டதால் பெட்டி முழுவதும் பாழாகக் காண்பது இப்படித்தான்.

இனி பிரிக்கும் கதை. பேட்டரி இணைப்பைக் கழற்றியபின் காரைத் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்தினார் மாமா. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் நுழையக் கூடாது. ஜாக் நழுவினால் தப்ப நேரமிராது. பெட்டியின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல். ஆகவே அதை இறக்கும்போது இன்னும் இருவர் துணைக்கு வந்தனர். அடித்தட்டைக் கழற்றியதும் முதலில் எண்ணெயை முகர்ந்து பார்த்தோம். நல்ல எண்ணெய் சிவந்து தெளிவாக இருக்கும். எங்களுடையது கருத்து, தீய்ந்த வாடை வீசியது. அடித்தட்டில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்தால் பற்சக்கரமோ பேரிங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். எங்கள் நல்ல காலம், சில்லுகள் இல்லை.

கழற்றிய ஒவ்வொன்றையும் தனித் தட்டில், கழற்றிய வரிசையிலேயே, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்ற குறிப்போடு வைத்தோம். நாற்பத்திரண்டு தட்டுகள் ஆயின. அம்மாவின் சமையலறையில் பாதி காலி. மூன்றாவது கியரின் தட்டுக் கட்டு வெளியே வந்தபோது காரணம் விளங்கிற்று. உராய்வுத் தட்டுகள் கருகியிருந்தன. சீலை நகத்தால் அழுத்தினால் பழைய பிளாஸ்டிக் வளையல் போல் விறைத்திருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது வால்வு பாடி. எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியது போல் வளைந்து வளைந்து செல்லும் எண்ணெய் வாய்க்கால்கள். அவற்றில் நகரும் சிறு வால்வுகள். அங்கங்கே மிளகளவு எஃகுக் குண்டுகள். ஒரு குண்டு இடம் மாறினால் ஒரு கியரே வராமல் போகலாம். இதைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்தோம். துடைக்கப் பழைய துணி உதவாது. ஒரு நூல் பிசிறு வால்வை நகரவிடாமல் மடக்கிவிடும். ஆகவே கழுவியபின் காற்றடித்தே உலர்த்தினோம். அன்று வீட்டு முற்றத்தைப் பெருக்குவதற்கும் தடை!

புதிய உராய்வுத் தட்டுகளை அப்படியே மாட்டக் கூடாது. அதே எண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும். உலர்ந்த தட்டு முதல் சுழற்சியிலேயே கருகும். பூட்டும்போது குண்டுகளும் வாஷர்களும் விழாமல் ஒட்டிக்கொள்ள வாசலின் தடவினோம். அது சூட்டில் எண்ணெயோடு கலந்துவிடும். கிரீஸ் தடவினாலோ வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். கட்டைப் பூட்டிய பின் தட்டுகளின் இடைவெளியைக் கேஜால் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டோம். பிறகு எண்ணெய் வழியில் காற்றைச் செலுத்தினால் பிஸ்டன் ‘டொப்’ என்று நகரும் ஒலி கேட்க வேண்டும். புஸ்ஸென்று காற்று கசிந்தால் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான். எங்களுக்கு ‘டொப்’ கேட்டது. மாமா மூன்று முறை கேட்டார்.

இரண்டு செய்திகளை அவசரத்தில் பலர் விட்டுவிடுவதாக மாமா சொன்னார். ஒன்று, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களைக் கழுவுவது. பழைய தட்டுகளின் கருகிய தூள் அங்கே தங்கியிருந்து, புதிய தட்டுகளுக்கு வந்து சேரும். மற்றது, டார்க் கன்வர்ட்டரைப் பொருத்துவது. அது பம்பின் உள்ளே முழுவதும் இறங்கி அமர வேண்டும். அமராமலே போல்ட்டை முடுக்கினால் பம்ப் உடையும். அதைச் சுழற்றிச் சுழற்றி இறக்க மாமாவுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. டார்க் கன்வர்ட்டர் பற்றவைத்து மூடப்பட்டது. வீட்டில் திறக்க முடியாது. ஆகவே அதை மட்டும் புதுப்பித்ததாக வாங்கினோம்.

இதைப் படித்துவிட்டு எவரும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். அந்தக் காருக்கே உரிய கையேடு இல்லாமல், அனுபவமுள்ள ஒருவர் உடன் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பணிமனைக்காரர்கள் மறுத்ததிலும் நியாயம் உண்டு. பத்து நாள் ஒரே பெட்டியோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் பிழைப்பு என்னாவது? இன்னொன்று: 2014 முதல் நம் நாட்டில் பரவிய ‘ஏ.எம்.டி.’ கார்கள் உள்ளே வேறு வகை. அவற்றில் இருப்பது சாதாரணக் கியர்ப் பெட்டியே; கிளட்சை மிதிக்கும் காலுக்குப் பதில் ஒரு கருவி வேலை செய்கிறது. மேலே சொன்னவை அவற்றுக்குப் பொருந்தா.

எண்ணெய் ஊற்றி, என்ஜின் ஓடும்போதே லீவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, சூடானபின் அளவு பார்த்தோம். முதலில் மாமா தனியாக ஊசுட்டேரிப் பக்கம் ஓட்டிச் சென்று வந்தார். மூன்றாவது கியர் விழுந்தது. மறுநாள் முதல் பெரியப்பா கடைக்குக் காரிலேயே போகிறார். ரிவர்ஸ் மட்டும் ஒரு நொடி தாமதித்து விழுகிறது. அதற்குக் காரணத்தை மாமா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 1000 கிலோமீட்டர் ஓடிய பின் எண்ணெயை வடித்து அடித்தட்டைக் கழற்றினோம். எண்ணெய் சிவப்பாகவே இருந்தது. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரல் நுனியளவு.