பயோலொஜிக் ஊசிக்கு முன், முகாமில் இருந்ததைச் சொல்லுங்கள்

குரோன் நோயும் அல்சரேற்றிவ் கொலைற்றிஸும் தண்ணீரால் வரும் வயிற்றுளைவு அல்ல. நோயெதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குவதால் வருபவை. எனக்கு இருப்பது குரோன். பிரெட்னிசலோன் குளிசையைக் குறைக்கும்போதெல்லாம் வலியும் வயிற்றோட்டமும் திரும்பியதால், பயோலொஜிக் ஊசிக்கு மாறச் சொன்னார் வைத்தியர்.

இவை உயிருள்ள கலங்களில் தயாரிக்கப்படும் புரதங்கள். இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் இரண்டும் அழற்சியைத் தூண்டும் ரி.என்.எவ். என்ற பொருளை மடக்குகின்றன. சிக்கல் என்னவென்றால், உடலில் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியை வேலி போட்டு அடைத்து வைக்க உதவுவதும் அதே பொருள்தான். வேலியைப் பிரித்தால் கிருமி வெளியே வரும்.

2009இல் மெனிக்பாம் கூடாரங்களில் நெருக்கியடித்துப் படுத்தவர்கள் நாங்கள். பக்கத்தில் இருமியவருக்கு என்ன நோய் என்று யார் கண்டது? அந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். முகாமையோ தடுப்பையோ பற்றி வைத்தியரிடம் சொல்லப் பலருக்கு வாய் வராது. அரசியல் எதுவும் பேச வேண்டியதில்லை. "நெரிசலான இடத்தில் இத்தனை மாதம் இருந்தேன், கூட இருந்தவருக்குக் கசம்" என்றால் போதும். காயத்துக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹெபரைற்றிஸ்-பி கிருமியும் இம்மருந்துகளால் மீண்டும் கிளம்பக்கூடும். உடலில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மாண்டூ பரிசோதனையில் முன்கைத் தோலில் சிறு ஊசி போட்டு, 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். பிரெட்னிசலோன் எடுப்பவருக்குக் கிருமி இருந்தும் தடிக்காமல் போகலாம். அதனால்தான் வாயால் சொல்வது முக்கியம். எனக்குத் தடித்தது, எக்ஸ்ரேயில் நோய் இல்லை. ஐசோனியாசிட் குளிசை தொடங்கி ஒரு மாதம் கழித்தே முதல் மருந்து ஏற்றினார்கள்.

எதைத் தெரிவது என்பதில் வீட்டு நிலைமைக்கும் பங்குண்டு. அடலிமுமாப்பை இரு வாரத்துக்கு ஒருமுறை நாமே தோலின் கீழ் போடலாம். ஆனால் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு மின்சாரத்தை நம்பி அதை வாங்க நான் துணியவில்லை. இன்ஃபிளிக்சிமாப் வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்றுவது: முதல் நாள், 2ஆம், 6ஆம் வாரங்கள், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலிலேயே வேலை செய்வதால் காசநோய்ப் பயம் குறைவு. குணம் தெரியத்தான் நாளெடுக்கும்.

வயிறு அமைதியானதும் நிறுத்தச் சொல்லி மனம் கேட்கும். இன்ஃபிளிக்சிமாப்பை இடைவெளி விட்டுத் தொடர்ந்தால் உடல் மருந்துக்கு எதிராகவே பிறபொருளெதிரியை உருவாக்கலாம். பிறகு மருந்து பிடிக்காது. சிலருக்கு ஏற்றும்போதே மூச்சுத் திணறும். மருந்து வரவில்லை என்று கிளினிக்கில் சொன்னால் பேசாமல் வீடு திரும்ப வேண்டாம். விலை குறைந்த பயோசிமிலர் கிடைக்குமா, அடுத்த திகதி எது என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். இரு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால், அடுத்த ஊசி ஏற்ற முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.