விருந்து அவர்களுக்கு, செலவு யார் தலையில்?

யான் வட்டாரத் தோட்டத் தோழர்களே, தாய்மார்களே!

காய்ச்சலென்று கிளினிக்குப் போனால், காய்ச்சல் மருந்தோடு ஒரு சத்து மாத்திரையும் சில சமயம் சேர்ந்து வருகிறது. "டாக்டரு கொடுத்தா சும்மாவா இருக்கும்?" என்று காசைக் கட்டிவிட்டு வருகிறோம். டாக்டரை மதிப்பது நல்லதுதான். ஆனால் பலவகை மாத்திரை இருக்க, அந்த ஒரு கம்பெனி மாத்திரை மட்டும் எப்படி நம் கைக்கு வந்தது?

டாக்டர்களுக்கு மாநாடுகள் அவசியம். புதிய சிகிச்சைகளை அங்கேதான் பேசுவார்கள். மாநாட்டுச் செலவை மருந்துக் கம்பெனி ஏற்கும்போதுதான் வினை வருகிறது. கட்டணம், டிக்கெட், ஓட்டல் அறை, விருந்து எல்லாம் கம்பெனி கணக்கு. சோறு போட்டவன் பெயர் மறக்குமா?

1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கம்பெனி செலவில் கருத்தரங்குக்குப் போகுமுன் டாக்டர்களில் பெரும்பாலோர், "இதனாலெல்லாம் நாங்கள் மாறமாட்டோம்" என்றார்கள். போய்வந்த பிறகு, அந்தக் கம்பெனி மருந்துகளின் உபயோகம் ஆஸ்பத்திரியில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது!

சென்னையில் நடந்ததையும் கேளுங்கள். அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற கம்பெனி, 'ஜின்கோவிட்' என்ற சத்து மருந்தைப் பரப்ப, டாக்டர்களுக்கு மாநாட்டுக் கட்டணம், உபசரிப்பு, தங்கக் காசு, டி.வி., பிரிட்ஜ், லேப்டாப் என்று கொடுத்தது. செலவு 4 கோடியே 72 லட்சம் ரூபாய்க்கு மேல். அதைக் காட்டி வருமான வரியில் சலுகையும் கேட்டது! டாக்டர்கள் இப்படி வாங்கக் கூடாதென்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் தடை போட்டிருந்தது. தடைக்குப் பிறகு செய்த செலவுக்குச் சலுகை இல்லை என்றது வரி இலாகா. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 22-ல் கம்பெனி தோற்றது. இந்த 'இலவசங்களின்' செலவு மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அது சென்னை விவகாரம்தானே என்று இருந்துவிடக் கூடாது. விலைக்குள் ஒளிந்த செலவு எந்த ஊரிலும் வாங்குகிறவர் தலையில்தான். நாள் சம்பளக்காரருக்கு அது பெரிய அடி.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. "இந்த மருந்து எதுக்கு? கட்டாயம் வேணுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

2. மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெனடோல் கம்பெனிப் பெயர். உள்ளே இருப்பது பாரசிட்டமால். அதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கலாம்.

3. விலையைக் கேளுங்கள். நம் நாட்டில் 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

4. இதைப் படித்துவிட்டு ரத்த அழுத்தம், இனிப்பு நீர் மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. மாற்ற வேண்டுமானால் டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள்.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். உடம்பும் நம்முடையது, காசும் நம்முடையது.