பழைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? செலவழிக்கும் முன் சோதித்துப் பாருங்கள்

 

பழைய மாருதி 800, ஆம்னி வண்டிகளை வைத்துப் பிழைப்பு நடத்துவோர் நம் ஜமாஅத்தில் பலர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுப்பதும், நள்ளிரவில் பக்கத்து வீட்டு நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும் அந்த வண்டிகள்தாம். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அழகிய கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் வண்டி ரிப்பேருக்கான மனுக்களும் உண்டு. அவற்றைப் பரிசீலிக்கும்போது ஒன்றைக் காண்கிறோம். டெர்மினலைச் சுத்தம் செய்தால் தீர்ந்திருக்கும் கோளாறுக்குப் புது பேட்டரி வாங்கியிருப்பார்கள். பேட்டரிக் கோளாறுக்கு செல்ஃப் மோட்டாரை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் வட்டிக்கு வாங்கும் நிலைக்குச் சிலர் தள்ளப்படுகிறார்கள். அதைத் தவிர்க்க, பெட்ரோல் வண்டி வைத்திருப்போருக்குச் சில எளிய சோதனைகளை இங்கே தருகிறோம்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிக் கோளாறுகளை ஒதுக்கிவிடலாம்.

எஞ்சின் சுற்றவே இல்லை என்றால்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிப்போய் 'டக் டக் டக்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது அதன் இணைப்பு சரியில்லை. விளக்கு நன்றாக எரிந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சொலினாய்டையோ சந்தேகிக்கலாம். விளக்கு எரிந்தும் சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், பியூஸ், செல்ஃபுக்குப் போகும் சிறு வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எதையும் மாற்றும் முன் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, உலர்ந்ததும் முதலில் பிளஸ், பிறகு மைனஸ் என்று இறுக்கமாக மாட்டுங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. மைனஸிலிருந்து வண்டியின் பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் இதே தொல்லை வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஸ்டார்ட் ஆன பிறகு 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அதைச் சரி செய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே இறங்கிவிடும்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியும் செல்ஃபும் வேலை செய்கின்றன. அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியின் பெட்ரோல் முள்ளை அப்படியே நம்பாதீர்கள். டேங்கில் உண்மையாகவே பெட்ரோல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எம்பிஎப்ஐ வண்டியாக இருந்தால், சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் டேங்க் பக்கம் ஓரிரு வினாடி 'ம்ம்' என்ற பம்ப் சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே, அதன் பிறகே பம்ப்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று பொருள். சில நிமிடங்கள் விட்டு, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டி மழையிலோ வாட்டர் சர்வீஸுக்குப் பிறகோ நின்றால், சாவியை எடுத்துவிட்டு அதன் மூடியையும் பிளக் வயர்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

எஞ்சின் வழக்கத்தை விட லேசாக, வேகமாகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் மேலும் செல்ஃப் அடித்தால் சில எஞ்சின்களில் வால்வு வளைந்து பெருஞ்செலவு வைக்கும்.

செய்யக் கூடாதவை

செல்ஃபைத் தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

கேஸ் வண்டியில் கேஸ் வாடை வந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். எல்லோரையும் இறக்கிவிட்டு, சிலிண்டர் வால்வை மூடுங்கள். வீட்டு சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து.

பேட்டரி அருகே பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றக் கூடியது.

இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பவர் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் மிகவும் கடினமாகிவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"வண்டி எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் சுற்றியதா, என்ன சத்தம் கேட்டது, விளக்கு மங்கியதா, மழைக்குப் பிறகா, வெயிலில் ஓடி நின்ற பிறகா என்று சொல்லுங்கள். எதை மாற்றுவதாக இருந்தாலும், அதுதான் கோளாறு என்று எப்படித் தெரிந்தது எனக் கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இப்படிக் கேட்பதை நேர்மையான மெக்கானிக் தவறாக நினைக்க மாட்டார். பட்டறை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒருவர் நம்பி ஒப்படைக்கும் வண்டி உங்களிடம் உள்ள அமானிதம்.

இத்தனையும் பார்த்த பிறகு பெரிய செலவு உறுதியானால், வட்டிக்கடைப் படி ஏறும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கோளாறு என்ன, செலவு எவ்வளவு என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டையும் கொண்டு வந்தால், மனுவை விரைவாகப் பரிசீலிக்க உதவியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான வருமானத்திலும் பரக்கத் செய்து, பயணங்களில் பாதுகாப்பை அருள்வானாக! ஆமீன்.