உள்ளமைப்புச் சிற்பிகளும் பொது ஜனங்களின் அறைகளும்

கலாசாலைகளில் பட்டமளிப்பு முடிந்து வாலிபர்கள் வேலை தேடிப் புறப்படும் காலத்தில், வைத்தியர், இஞ்சினீயர், வக்கீல் ஆகியோரின் கதியைப் பற்றி ஆராய்வோர் பலர். கட்டடத்தின் உட்புறத்தை அமைக்கும் கல்வியில் நான்கைந்து வருஷங்களைச் செலவிட்டு வெளிவருகின்றவர்களைப் பற்றிப் பேசுவோரைக் காண்பது அரிது. ஆங்கிலத்தில் இவர்களை 'இண்டீரியர் ஆர்க்கிடெக்ட்' என்கிறார்கள். தமிழில் 'உள்ளமைப்புச் சிற்பி' என்று நாம் வழங்குவோம். இதனினும் நல்ல சொல்லை அன்பர் எவரேனும் எழுதியனுப்பினால் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. எழுந்து நிற்கும் சுவர்களுக்கு நடுவே மனிதன் எங்கே உட்காருவான், வெளிச்சம் அவன் கண்ணில் விழுமா கையிலுள்ள காகிதத்தில் விழுமா, பக்கத்து அறையின் சத்தம் அவனை எட்டுமா, கிழவி ஒருத்தி எழுந்திருக்க எதைப் பற்றிக்கொள்வாள் என்பனவற்றை முன்கூட்டி யோசித்து வரைவதே இவர்கள் கற்ற வித்தை. இது செல்வர் வீட்டு விஷயமென்று தேச ஊழியர்கள் ஒதுக்கிவிடலாகாதென்பது நம் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

முதலில் இவர்களுடைய பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வக்கீல் தொழிலைச் சார்ந்தவராதலின், சட்டத்தைத் தொடாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. 1972-ஆம் வருஷத்திய ஆர்க்கிடெக்டுகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி, கவுன்ஸிலில் பதிவு செய்துகொண்டவரன்றி மற்றவர் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. இவ்விதிக்குச் சில விலக்குகளும் அப்பிரிவிலேயே உண்டு. தோட்டங்களையும் திறந்த வெளிகளையும் அமைப்போருக்கு விலக்கு. கப்பல் அமைப்போருக்கும் விலக்கு. மரத்தையும் நினைத்து, கடலையும் நினைத்த சட்டசபை, மனிதன் தூங்கி எழும் அறையை அமைப்போனை நினைக்கவில்லை. ஆகவே உள்ளமைப்பில் மட்டும் பட்டம் பெற்ற வாலிபர், தாம் கற்ற கல்வியின் பெயரைத் தம் கதவுப் பலகையில் எழுதிக்கொள்வது சட்டத்திற்கு விரோதமாகிறது. மறுபுறம், 2020 மார்ச்சு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், நொய்டா நகர அதிகார சபையின் உத்தியோகப் பெயர்களைப் பற்றிய வழக்கொன்றில், இப்பிரிவு பட்டத்தை மட்டுமே காக்கிறதென்றும், தொழிலைப் பிறர் செய்யாதபடி தடுக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதிய பட்டதாரியின் நிலைமை விளங்கும். அவர் தொழிலை யாரும் செய்யலாம். பெயரை அவரே சொல்லக் கூடாது! 'சிற்பி' என்று தமிழில் எழுதிக்கொண்டால் சட்டம் என்ன செய்யுமென்பது இன்பமான வாதம். அதை வக்கீல் சங்கத்துச் சாயங்கால வேளைக்கு ஒத்திவைப்போம்.

பெயர் இல்லாதவனுக்குக் கூலியும் குறைவு. பட்டம் பெற்று வருகிறவர் பெரும்பாலும் ஒரு கம்பெனியில் அமர்ந்து, பிறர் மனத்தில் தோன்றியதைக் கம்ப்யூட்டரில் படமாக்குகிறார். பிளைவுட் வந்து சேர்ந்ததா, லேமினேட் நிறம் சரிதானா, ஆசாரி சொன்ன நாளில் வந்தாரா என்று விசாரிக்கிறார். கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க் கூரையைத் தொங்கவிட்டு அதனுள் விளக்குகளை ஒளிக்கிறார். சொந்த வீட்டைத் தன் விருப்பப்படி அலங்கரிப்பவரை நாம் குறை கூறவில்லை. ஆயுளில் ஒரு முறை வீடு கட்டுகிறவருக்கு அவ்வளவு உரிமையும் இல்லாவிட்டால் எப்படி? நம் கேள்வி வேறு. கோடிக்கணக்கான ஜனங்கள் தங்கள் வாழ்நாளின் மிகக் கடினமான நாழிகைகளைக் கழிக்கும் அறைகள் இருக்கின்றன. தர்மாஸ்பத்திரியின் காத்திருக்கும் இடம், தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், மாணவர் விடுதி, கோர்ட்டு வராந்தா. அவற்றை அமைக்க இவ்வித்தை கற்றவர் எவரேனும் அழைக்கப்படுகிறாரா?

நாம் நன்கு அறிந்த இடம் கோர்ட்டு. ஜில்லாத் தலைநகர் ஒன்றில் நாம் பல வருஷங்கள் ஏறி இறங்கிய கட்டடத்தைச் சொல்லுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் 14 படிகள். காலில்லாத கட்சிக்காரரை இருவர் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர் வெட்கத்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள். அவற்றில் வக்கீல் குமாஸ்தாக்களின் கட்டுகள் வீற்றிருக்கும், மனிதர் நின்றுகொண்டிருப்பார். டவாலிச் சேவகர் கூப்பிடும் பெயர் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துபோய், கேளாதவர் மீது வாரண்டு பிறந்ததை நாமே பார்த்திருக்கிறோம். குழந்தைக்குப் பாலூட்ட மறைவில்லாமல் ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒதுங்குவாள். எந்தப் புருஷனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல வந்தாளோ, அவனும் அதே வராந்தாவில் நான்கு முழம் தள்ளி நிற்பான். அந்த நான்கு முழத் தூரத்தில் எத்தனை வழக்குகள் 'ராஜி'யாகியிருக்கும் என்பதை யார் கணக்கிட முடியும்? சாட்சி பிறழ்ந்தது என்று நாம் தீர்ப்பில் எழுதிக்கொள்ளுகிறோம். அவளைப் பிறழச் செய்ததில் பெஞ்சு போட்டிருந்த இடத்திற்கும் பங்கு உண்டு.

இது பத்திரிகைக்காரரின் மிகையென்று கொள்ள வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அச்சத்திற்கும் துன்பத்திற்கும் ஆளாகக்கூடிய சாட்சிகளுக்கென்று தனி மையங்கள், ஒவ்வொரு ஹைகோர்ட்டின் ஆளுகையிலும் குறைந்தது இரண்டாவது அமையவேண்டுமென்று 2017 அக்டோபரில் உத்தரவாயிற்று. 2022 ஜனவரியில் பிறந்த மற்றோர் உத்தரவு, ஜில்லாதோறும் அத்தகைய நிரந்தர மையம் வேண்டுமென்றது. சாட்சி எதிரியைக் காணாதபடி திரை, தனி வாயில், தனியே காத்திருக்க அறை, குழந்தை பயப்படாதபடி உட்காரும் இடம் என்பன இவற்றின் அங்கங்கள். இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் எழுதித் தீர்க்கும் காரியங்களா? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கண்ணாடியில் எதிரியின் நிழல் தெரிகிறதா, காமிராவுக்கு முன் எட்டு வயதுப் பெண்ணின் கால் தரையைத் தொடுகிறதா, அந்தரத்தில் ஆடுகிறதா என்பவை ஒரு சிற்பி உட்கார்ந்து வரையவேண்டியவை. பழைய ரிகார்டு அறையை வெள்ளையடித்து, வாசலில் புதுப் பெயரை எழுதிவிட்டு, உத்தரவு நிறைவேறியதென்று அறிக்கை அனுப்பினால், மையம் காகிதத்தில் இருக்கும். குழந்தை பழைய பயத்திலேயே இருக்கும்.

படிப்பு முடித்த வாலிபர் இவ்வழியில் செல்வதற்கு முன்மாதிரி இல்லையோவென்றால், உண்டு. வியன்னா நகரில் 1897-ல் பிறந்த மார்கரெட்டெ லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி, முதல் உலக யுத்த காலத்தில் அந்நகரின் கலைத்தொழிற் கலாசாலையில் பயின்றார். 1917-ல் தொழிலாளர் வீடுகளுக்கான படப் போட்டியொன்றில் அவர் ஈடுபட்டபோது, ஆசிரியர் ஆஸ்கார் ஸ்ட்ர்னாட், ஒரு கோடு இழுக்குமுன் தொழிலாளர் பேட்டைகளுக்குப் போய் அவர்கள் வாழும் விதத்தைக் கண்டுவரும்படி சொன்னார். அவர் போனார், ஓர் அறையில் பலர் நெருங்கிக் கிடப்பதைக் கண்டார், திரும்பி வந்து வரைந்தார், பரிசும் பெற்றார். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரசபை கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் அமைத்த சமையலறை, ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உடையது. அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி வைக்கிறாள், கை எவ்வளவு உயரம் எட்டும் என்று கணக்கிட்டு, ஜன்னலருகே உட்கார்ந்து காய் நறுக்கப் பலகையும், அரிசி போன்ற பண்டங்களுக்கு மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகளும் அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. அவ்வறையில் ஒருவருக்கே இடம், ஆகவே சமையல் பெண்ணின் தனிப்பாடாகவே நிலைத்துவிட்டதென்று பிற்காலத்துப் பெண்கள் குறை கூறியதும் நியாயமே. அவ்விஷயத்தில் நாம் அவர்கள் கட்சி. அதே பெண்மணி, ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து இரகசிய வேலை செய்ய 1940-ன் இறுதியில் துருக்கியிலிருந்து வியன்னாவுக்குத் திரும்பி, 1941 ஜனவரியில் பிடிபட்டு, 15 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, 1945-ல் விடுதலையானார். அடுப்படி அளந்தவருக்கு அரசியல் தெரியாதென்று எண்ணும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நம் தேசிய இயக்கத்திற்கும் இது அந்நியமன்று. 1936-ல் பைஸ்பூரிலும், 1938-ல் ஹரிபுராவிலும் காங்கிரஸ் கூடியபோது, காந்தியடிகள் நந்தலால் போஸை வரவழைத்து, அவ்வவ்விடத்து மூங்கிலையும் கீற்றையும் கொண்டு பந்தல்களையும் வாயில்களையும் அமைக்கச் சொன்னார். சுதந்திரம் வந்தபின்னும் ஒரு முறை இம்முயற்சி நடந்தது. 1951 முதல் சண்டிகர் நகரம் எழுந்தபோது, லெ கொர்புஸியேயின் உறவினரான பியேர் ஜான்னரேயும், யூலி சௌத்ரி போன்ற இந்திய வாலிபச் சிற்பிகளும் சேர்ந்து, குமாஸ்தாவின் நாற்காலி, மாணவனின் மேஜை, வாசகசாலைப் பெஞ்சு ஆகியவற்றைத் தேக்காலும் பிரம்பாலும் அமைத்தனர். பிரம்பின் கண்களில் காற்று புகும். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது. நாட்டுத் தச்சர்களே அவற்றைச் செய்தார்கள். பின்பு நடந்ததை எழுதக் கூச்சமாயிருக்கிறது. பழசாயின என்று ஆபீஸ் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலும் குவித்தார்கள். விறகு விலைக்கு ஏலம் விட்டார்கள். அந்நிய வியாபாரிகள் வாரிக்கொண்டு போய், ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லக்ஷக்கணக்கில் விற்றார்கள். நாற்காலி முதுகில் நம் இலாகா எழுதிவைத்த எழுத்துகளே அங்கே அசல் என்பதற்கு அத்தாட்சி! 2011-ல்தான் மத்திய உள்நாட்டு இலாகா அவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை விதித்தது. அவ்விடங்களில் பிரம்புக்குப் பதிலாக வந்து சேர்ந்தவை, சக்கரம் கழன்று ஒரு பக்கம் சாயும் ரெக்ஸின் நாற்காலிகள்.

இனி, நாம் கேட்பது யாது? சட்டம் ஏற்கெனவே சர்க்காரைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. 2016-ஆம் வருஷத்திய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, விதிகள் வெளியான 5 வருஷங்களுக்குள் பழைய பொதுக் கட்டடங்கள் யாவும் அவர்கள் புழங்கத் தக்கவையாக வேண்டுமென்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. தவணை 2022-ல் கழிந்தது. பார்வையற்ற ஒருவர் 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், வெறும் யோசனைகளாக நிற்கும் விதிகள் இச்சட்டத்திற்குப் போதாவென்று கூறி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கும்படி உத்தரவிட்டனர். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 என்ற சரிவு, 900 மில்லிமீட்டர் வாசல், திரும்ப 1,500 மில்லிமீட்டர் இடம் என்ற அளவுகள் ஒவ்வொரு உள்ளமைப்புப் பட்டதாரிக்கும் மனப்பாடம். ஒருபுறம் நிறைவேறாத சட்டம். மறுபுறம் அதை நிறைவேற்றக் கற்று, பிளைவுட் எண்ணிக்கொண்டிருக்கும் வாலிபர். ஜில்லாவுக்கு இருவரை, நியாயமான சம்பளத்தில், இரண்டு வருஷக் காலத்திற்கு நியமித்து, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, விடுதி இம்மூன்றின் உட்புறத்தையும் அளந்து படம் வரையச் செய்யலாகாதா? அவர்கள் படத்தில் கையெழுத்திடுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்றால், கப்பலுக்கும் தோட்டத்திற்கும் எழுதிய விலக்கில் இன்னொரு வரியைச் சேர்க்கப் பார்லிமெண்டுக்கு ஒரு பகல் போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பெஞ்சை இடம் மாற்றப் பணம் வேண்டாம். பெயர் கூப்பிடும் இடத்தை மின்விசிறிக்கு அப்பால் நகர்த்தப் பணம் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழ் உள்ள உடைந்த நாற்காலிகளை அகற்றிவிட்டு, அங்கே ஒரு திரையும் தாழ்ந்த ஆசனமும் போடுவதற்கு ஆகும் செலவு, எந்த வக்கீல் சங்கத்து ஆண்டுவிழாச் செலவிலும் அடங்கும். சர்க்கார் உத்தரவு வரும்வரை காத்திராமல், தம் ஊர்க் கோர்ட்டை அளக்க முன்வரும் பட்டதாரி எவரேனும் நமக்கு எழுதுவாராயின், அவ்வூர் வக்கீல் சங்கத்திற்கு நாமே கடிதம் கொடுப்போம். ஜில்லா ஜட்ஜின் அனுமதி பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கலாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இளம் வக்கீல் ஒருவர் கூட இருந்தால் போதும்.