பௌர்ணமி கிரிவலமும் இரவுப் பேருந்துப் பயணமும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் நடைபெறும் கிரிவலத்திற்காக வெளியூர் மக்கள் மேற்கொள்ளும் இரவுப் பேருந்துப் பயணம், தமிழ்நாட்டில் மாதம் தவறாமல் நிகழும் பெரிய மக்கள் நகர்வுகளுள் ஒன்றாகும். சென்னை, பெங்களூரு, புதுச்சேரி, சேலம், கோயம்புத்தூர், மதுரை முதலிய நகரங்களிலிருந்து மாலையிலோ இரவிலோ புறப்பட்டு, மலையைச் சுற்றி நடந்துவிட்டு, மறுநாள் காலையில் ஊர் திரும்புவது பலரது வழக்கம். விடுதியில் தங்காமல் பேருந்து இருக்கையையே படுக்கையாகக் கொள்வதால் செலவு குறைகிறது. ஆனால் போகும் பயணம், 14 கிலோமீட்டர் நடை, திரும்பும் பயணம் ஆகிய மூன்றும் ஒரே இரவுக்குள் அடங்குவதால் தூக்கமின்மை இப்பயணத்தின் முதன்மையான ஆபத்தாகிறது. பயணிகளின் களைப்பை விட ஓட்டுநரின் களைப்பே பெரிய ஆபத்து.

கிரிவலமும் பௌர்ணமித் திதியும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது. இங்கு மலையே இறைவனாக வணங்கப்படுகிறது. அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுடையது. மலை எப்போதும் வலப்பக்கத்தில் இருக்குமாறு சுற்றி வருவதே கிரிவலம். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் இந்திரலிங்கம், அக்னிலிங்கம், எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானியலிங்கம் என எட்டுத் திசைகளுக்கு எட்டு லிங்கங்கள் உள்ளன. ரமணாசிரமம், மலையின் மேற்கே உள்ள ஆதி அண்ணாமலையார் கோயில் ஆகியவையும் இப்பாதையில் அமைந்துள்ளன. ஆண்டு முழுவதும் கிரிவலம் செல்வோர் உண்டு எனினும் பௌர்ணமியில்தான் கூட்டம் பெருகுகிறது. சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் கூட்டம் உச்சத்தை அடைகிறது.

பௌர்ணமி என்பது நாட்காட்டியின் ஒரு நாளன்று. அது ஒரு திதி. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையுள்ள சுமார் 29.5 நாட்கள் 30 திதிகளாகப் பகுக்கப்படுகின்றன. நிலவு சீரான வேகத்தில் நகராததால் ஒரு திதியின் நீளம் ஏறக்குறைய 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை மாறுபடும். ஆகவே பௌர்ணமி ஒரு நாள் முற்பகலில் தொடங்கி மறுநாள் முற்பகலில் முடியலாம், நள்ளிரவிலும் தொடங்கலாம். கிரிவலத்திற்கு உகந்த நேரத்தைக் கோயில் நிர்வாகம் ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே அறிவிக்கிறது. பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த அறிவிப்பையே. பெரும்பாலான மாதங்களில் அது ஓர் இரவை விட நீண்ட கால அளவைத் தருவதால், எல்லாவற்றையும் ஓரிரவுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் பலருக்கு உண்மையில் இல்லை.

பயணத்தின் வரலாறு

பேருந்துகள் வருவதற்கு முன் இத்தலத்திற்கு மக்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்தனர். பின்னர் விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை திருவண்ணாமலை வழியே அமைந்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என அறியப்பட்ட வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் இறுதியில் மதுரையிலிருந்து இங்கு வந்த பயணம் அக்காலப் போக்குவரத்துக்கு ஒரு சான்று. பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று எண்ணிய அவர் அங்கு செல்லப் பயணச்சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து நேரே ஒரு பாதை இருப்பதை வண்டியில் உடன் வந்தவர் சொல்லித்தான் அறிந்தார். இடையில் காசு போதாமல் சில மைல்கள் நடந்து, மீண்டும் ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். இன்று ஓரிரவில் முடியும் தொலைவுக்கு அன்று மூன்று நாட்கள் தேவைப்பட்டன.

அந்த ரயில் பாதை இப்போது அகலப் பாதையாக உள்ளது. சென்னைக் கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் ரயில் 2024-இல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் பௌர்ணமிப் பயணிகளுள் பெரும்பாலோர் இன்றும் சாலை வழியாகவே வருகின்றனர்.

வழித்தடங்களும் பேருந்துகளும்

சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி வழியாகச் செல்லும் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து புறப்படுகின்றன. பௌர்ணமி நாட்களில் மாதவரத்திலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. பெங்களூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக வர வேண்டும். கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

தொலைவைப் போலவே பேருந்தின் வகையும் முக்கியமானது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணப் புறநகர்ப் பேருந்துகளில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள் இருக்கும். அவை பின்னால் சாயாதவை. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளில் சாய்வு இருக்கைகள் உண்டு, முன்பதிவும் செய்யலாம். சிறப்புப் பேருந்து என்ற பெயரில் வருவது இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். சாயாத இருக்கையில் நான்கு மணி நேரம் அமர்ந்து வருபவர் நடையைத் தொடங்கும்போதே பாதிக் களைப்புடன் இருப்பார்.

குழுவாக வருவோர் வேன் அல்லது சுற்றுலாப் பேருந்தை வாடகைக்கு எடுப்பதுண்டு. வாடகை வாகனத்திற்கு மஞ்சள் எண் பலகையும் உரிய பெர்மிட்டும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையுள்ள சொந்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டுவது சட்டத்திற்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் உண்டாகும்.

ஊருக்குள் நுழையும் முறை

பௌர்ணமி நாட்களில் வெளியூர்ப் பேருந்துகள் எல்லாம் ஊரின் நடுவே வருவதில்லை. வேலூர், திண்டிவனம், திருக்கோவிலூர், செங்கம் முதலிய ஊர்களிலிருந்து வரும் சாலைகளின் ஓரத்தில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. எந்தச் சாலை வழியாக வந்தாரோ அந்தச் சாலையிலுள்ள நிலையத்திலேயே பயணி இறக்கிவிடப்படுவார். திரும்பும் பேருந்தும் வழக்கமாக அங்கிருந்தே புறப்படும். நடை முடிந்த பின் வேறொரு சாலையிலுள்ள நிலையத்திற்குச் சென்று தவிப்போர் மிகப் பலர். இறங்கியவுடன் அந்த இடத்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்வதும், குடும்பத்தினர் பிரிந்தால் கூடுவதற்கு ஓர் இடத்தை முன்பே பேசி வைப்பதும் நல்லது. பெருங்கூட்டத்தில் கைபேசித் தொடர்பு அடிக்கடி கிடைக்காமல் போகும். சிறுவர்களின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

இரவு நடையும் உடலும்

14 கிலோமீட்டரை நடக்க, வழிபாட்டிற்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து, நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். கூட்டம் மிகுந்தால் இன்னும் கூடும். வெயில் இல்லாததால் இரவு நடை எளிது. ஆயினும் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடந்து பழகாதவர்களுக்குக் கொப்புளங்கள் உண்டாகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால் முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்தியதைக்கூட அறியாமல் நடப்பார்கள். சிறு காயம் ஆறாத புண்ணாக மாறலாம். அவர்கள் நடை முடிந்ததும் பேருந்தில் ஏறுமுன் பாதங்களைக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

நடைக்குப் பின் உடனே பேருந்தில் அமர்வதும் உடலுக்கு நல்லதன்று. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அமர்ந்தால் இச்செயல் நின்று, கால்கள் வீங்குகின்றன. அரை மணி நேரமாவது காலை நீட்டிப் படுத்திருந்துவிட்டு ஏறுவதும், பயணத்தின்போது அவ்வப்போது கணுக்காலை அசைப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். கழிப்பிடம் கிடைக்காது என்ற அச்சத்தில் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். இது மயக்கத்திற்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவகுக்கும்.

ஓட்டுநரின் தூக்கம்

மனித உடலுக்குள் ஓர் இயற்கைக் கடிகாரம் இயங்குகிறது. அதன்படி பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். கிரிவலம் முடித்த வேன்கள் ஊர் திரும்பக் கிளம்புவதும் பெரும்பாலும் இந்நேரத்தில்தான். களைத்தவர் கண்களைத் திறந்து வைத்திருக்கும்போதே சில நொடிகள் உறங்கிவிடக்கூடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடிகளில் 66 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

வாடகை வேன் ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பகலில் வேறொரு சவாரி முடித்துவிட்டு வந்திருக்கலாம். பயணிகள் வண்டியில் உறங்கும்போது அவர் ஓட்டுகிறார். அவர்கள் நடக்கும்போது அவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஒலிபெருக்கிச் சத்தத்திற்கும் கொசுவுக்கும் நடுவே கிடக்கிறார். சில வேளைகளில் தாமும் கிரிவலம் சென்றுவிடுகிறார். அதிகாலை 4 மணிக்கு அவரை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்கின்றனர். வாடகைக்குப் பேரம் பேசும்போது ஓட்டுநர் எங்கே, எத்தனை மணி நேரம் உறங்குவார் என்ற கேள்வி எழுவதே அரிது.

இந்தியச் சட்டம் இந்த ஆபத்தை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரமாக வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களுக்கும் திருவிழாக் காலங்களுக்கும் அனுமதி பெற்று இதை நீட்டிக்க முடிந்தது. அப்போதும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் அது விதித்தது. இடையில் அரை மணி நேர ஓய்வு தர வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் 9 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும் என்பதும் 2025 வரை நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் விதி. வேலைநேரப் பதிவேடுள்ள நிறுவனத்தில் இத்தகைய விதிகளைக் கண்காணிக்க இயலும். ஒரே வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவரிடம் இவற்றைக் கேட்பதற்குப் பயணிகளைத் தவிர யாரும் இல்லை.

பிற நாடுகளிலும் பிற இடங்களிலும்

இரவு முழுவதும் பேருந்தில் சென்று, இறங்கிய உடனே உடலை வருத்தும் செயலில் ஈடுபடுவது திருவண்ணாமலைக்கு மட்டும் உரியதன்று. டெல்லியிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மணாலிக்கு இரவுப் பேருந்தில் சென்று, சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு விளையாடுவோர் உண்டு. பிரிட்டனிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விடுமுறைக்குச் செல்லும் மாணவர் குழுக்களும் இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்வதுண்டு.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியிலுள்ள கருவி ஒன்று ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்கிறது. அதனால் நெடும்பயணங்களில் இரண்டு ஓட்டுநர்கள் செல்வது வழக்கம்; இரண்டாம் ஓட்டுநரின் ஊதியம் பயணக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

பாதுகாப்பான பயணத் திட்டம்

திதி நேரம் இடம் கொடுக்கும் மாதங்களில் பிற்பகலில் திருவண்ணாமலையை அடைந்து, சற்று ஓய்வெடுத்து, மாலை 6 மணியளவில் நடையைத் தொடங்குவது சிறந்தது. நள்ளிரவுக்குள் நடை முடியும். விடியும் வரை உறங்கிவிட்டுக் காலை 7 மணிக்கு மேல் புறப்படலாம். தனியாகவோ சிறு குடும்பமாகவோ வருவோர்க்கு முன்பதிவு செய்த அரசுப் பேருந்து பொருத்தமானது. வேனில் வருவோர் ஓட்டுநருக்கு ஒரு படுக்கையும் குறைந்தது ஆறு மணி நேர உறக்கமும் உறுதி செய்ய வேண்டும். அது இயலாவிடில் இரண்டாவது ஓட்டுநரை அமர்த்த வேண்டும். இருபது பேர் பகிர்ந்துகொண்டால் அக்கூடுதல் செலவு ஒருவருக்குச் சிறிய தொகையே.

வழியில் ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் பாட்டும் பேச்சும் அதை நீக்கமாட்டா. தேநீரின் விழிப்பூட்டும் தன்மை செயல்படச் சுமார் அரை மணி நேரம் ஆகும், அதுவும் தற்காலிகமானதே. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி அவரை உறங்கவிடுவதே சரியான வழி. விபத்து நேர்ந்தால் 108 ஆம்புலன்ஸ் சேவையையும், தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம்.