இரத்தக் கொதிப்பும் குடும்ப வழியும்

“அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு, எனக்கும் வந்துவிட்டது. எங்கள் குடும்ப வாகு அப்படி” என்று சொல்லி, மாத்திரையை விழுங்கி அமைதி கொள்பவர்கள் நம்மில் பலர். பெரும்பாலோர்க்கு வயது, உப்பு, உடற்பருமன், பல மரபணுக்களின் சிறு சிறு பங்கு எல்லாம் சேர்ந்தே இந்நோய் வருகிறது. ஆனால் சில குடும்பங்களில் ஒரே ஒரு மரபணுப் பிழை காரணமாகிறது. அதைக் கண்டுகொண்டால் அதற்கேற்ற மருந்தும் உண்டு.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் அட்ரினல். அது சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று அல்டோஸ்டிரோன். ‘உப்பை வெளியே விடாதே’ என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது இதுவே. உப்பு தங்கினால் நீரும் தங்கும்; இரத்தத்தின் அளவு கூடும்; அழுத்தம் உயரும். அதே வேளையில் உடலுக்குத் தேவையான பொட்டாசியம் சிறுநீரோடு கழிந்துவிடும். இயல்பான உடலில், சிறுநீரகம் விடுக்கும் ரெனின் என்னும் பொருள் இந்தச் சுரப்பைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்கிறது. அட்ரினல் அந்தக் கட்டுக்கு அடங்காமல் தானாகவே மிகையாகச் சுரப்பதுதான் நோய். இதனை 1955ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர்.

1966இல் கனடா நாட்டு மருத்துவர்கள், தந்தை, மகன் இருவரிடமும் இந்த மிகைச் சுரப்பைக் கண்டனர். டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தைக் கொடுத்ததும் இருவருக்கும் அழுத்தம் தணிந்தது. காரணம் 1992இல் வெளிப்பட்டது. ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் அந்தப் பிழையை எட்டாவது குரோமோசோமில் கண்டறிந்தனர்.

ஆசிரியராய் இருந்த பழக்கத்தால் ஒரு பாடநூல் உவமை சொல்கிறேன். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு பாடங்கள் ஒரு நூலில் அடுத்தடுத்து இருக்கின்றன. நூலைக் கட்டுபவர் கவனக்குறைவால் முதல் பாடத்தின் தொடக்கப் பக்கத்தை இரண்டாம் பாடத்தோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார். அதுபோல, கார்ட்டிசோல் என்னும் வேறொரு ஹார்மோனுக்கான மரபணுவின் தொடக்கம், அல்டோஸ்டிரோனுக்கான மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ‘கார்ட்டிசோல் வேண்டும்’ என்று சொல்லும்போதெல்லாம் அல்டோஸ்டிரோனும் சுரக்கிறது. டெக்சாமெத்தசோன் பிட்யூட்டரியை அடக்குவதால் மிகைச் சுரப்பும் அடங்குகிறது.

இந்தப் பிழை உள்ளவரின் பிள்ளைகளில், ஆணாயினும் பெண்ணாயினும், ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அது வராத பிள்ளை தன் மக்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. இது மிக அரியது. இதைப் போல் குடும்ப வழியில் வரும் வேறு பிழைகளும் 2011, 2018ஆம் ஆண்டுகளில் அறியப்பட்டன. அட்ரினலில் தோன்றும் சிறு கட்டிகளில் காணும் மரபணு மாற்றங்களோ பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள் மட்டுமே உண்டானவை, பிள்ளைகளுக்குச் செல்லாதவை.

பரம்பரையாக வருவது அரிது என்றாலும், அல்டோஸ்டிரோன் மிகைச் சுரப்பு அரிதன்று. இரத்தக் கொதிப்பு உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது இருக்கக்கூடும். இரத்தத்தில் அல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து ஒப்பிடுவதே முதற்சோதனை. இரத்தக் கொதிப்பு உள்ள எல்லாருக்கும் இதைச் செய்யலாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2025இல் பரிந்துரைத்தது. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் குறை இருந்தால் அறுவை சிகிச்சையால் நீக்கலாம். மற்றவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உண்டு.

இளவயதிலேயே இரத்தக் கொதிப்பு, மூன்று மருந்து உண்டும் அடங்காத அழுத்தம், பொட்டாசியம் குறைவு, குடும்பத்தில் நாற்பது வயதுக்கு முன் மூளையில் இரத்தக் கசிவு — இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் இச்சோதனையைப் பற்றிக் கேளுங்கள். உண்டுவரும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

‘சித்தப்பா இளவயதில் திடீரென்று விழுந்தார்’ என்பதைப் பெண் கொடுக்கும் இடத்தில் தெரிந்துவிடுமோ என்று மறைக்கிறோம். மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறோம். அந்த ஒரு செய்தி பேரப்பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும். இவ்வாண்டு உறவினர் ஒன்றுகூடும் நாளில் பெரியவர்களிடம் கேட்டு, யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்துகளில் அதுவும் ஒன்று.